ஒன்பதாவது சுற்றில் அசைந்த கொடி

காலை 4.40. மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, இந்த ஆள் வீட்டிலேயே சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பான் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் எழுபது ரூபாய். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. திருமங்கலம் தாண்டும்வரை தூங்கினேன். டி. கல்லுப்பட்டியில் வண்டி நின்றபோது இறங்கி டீ குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது. அன்றைக்கு எனக்கு ஒழுங்காக நடந்த காரியங்களில் அது ஒன்று.

போன புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். மலைமேல் பெருமாள் இருக்கும் ஊர் அது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். நான் நோட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "கோயில் கோயிலாப் போயித்தான் எழுதுவீயளா அண்ணாச்சி? சித்திரையில எங்க பக்கம் வாங்க. கண்மாய்க்குள்ள மண்ணுல பைக் ரேஸ் ஓடும். என் தம்பி ஓட்டுதான்," என்றார். பெயர் முருகேஸ்வரி. சேத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கோன் சுற்றும் பிரிவில் வேலை. சித்திரை பிறந்ததும் போன் செய்து ஞாபகப்படுத்தினார். அதனால்தான் இந்தப் பயணம்.

6.35. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம். கண்மாய் இருக்கும் இடத்தைச் சொன்னதும் ஓர் ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். எட்டு கிலோமீட்டர்தானே என்று நான் இழுத்தேன். "அங்க என்ன சோலி?" என்றார். பைக் ரேஸ் பார்க்க என்றேன்.

"அட, ரேஸுக்கா! அத மொதல்லயே சொல்லப்பிடாதா? நூறு குடுங்க போதும். நானும் அங்கனதான் போகணும். இன்னிக்கு வேற சவாரி கிடையாது."

அவர் பெயர் சீனிவாசன். ஊர் சுந்தரபாண்டியம். ராஜபாளையம் சாலையில் ஆறு கிலோமீட்டர் போய், மலையைப் பார்த்து மேற்கே திரும்பி, மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கிரிக்கெட் அவருக்குப் பிடிக்காது. டிவியில் காட்டும் பெரிய கார் பந்தயமும் பிடிக்காது. "ஒரு வளைவுல நின்னா ஒருக்க விர்ருனு போவான். பொறவு அவன் எங்க இருக்கான், எவன் முந்துதான், ஒண்ணும் தெரியாது. இது அப்பிடியில்ல. கரையில உக்காந்தா அம்புட்டும் கண்ணு முன்னால. ஒருத்தனும் ஒளிய முடியாது பாத்துக்கிடுங்க."

7.10. கண்மாய். பெயரை எழுதவில்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் அது. வேறு எதற்கும் அது பேர் வாங்க வேண்டாம். உள்வாயில், தண்ணீர் தேங்கும் தரையில், செம்மண் அடித்து, நீளவாட்டில் கோழிமுட்டை வடிவத்தில் தடம் போட்டிருந்தார்கள். ஒரு சுற்று ஐந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்மாய்க் கரைதான் ஜனங்களுக்குக் கேலரி. ஆணும் பெண்ணுமாக ஆயிரம் பேராவது இருப்பார்கள். விடியற்காலையிலேயே தண்ணீர் லாரி இரண்டு முறை சுற்றி வந்து தடத்தை நனைத்திருந்தது. சீனிவாசன் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்த்தார். கொழுக்கட்டை மாதிரி பிடித்து நின்றது. "எட்டு மணிக்குச் சரியான பதம். ஒன்பதரை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல புழுதிதான்," என்றார்.

பந்தயம் தொடங்கி முடியும் கோட்டுக்கு நேராக முருகேஸ்வரி ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்று எண்ணுவது அவர் வேலை. தம்பி ஓடும் பந்தயத்துக்கு அக்கா எண்ணலாமா என்று நான் கேட்டேன். பக்கத்தில் நின்ற நாலு பேர் என்னை முறைத்தார்கள். நான்கு வருடமாக அவர்தான் எண்ணுகிறாராம். ஒரு தடவைகூடத் தகராறு வந்ததில்லையாம். எண்ணும் முறையும் மில்லிலிருந்து வந்ததுதான். நூல் சுற்றுகிற காகிதக் கோன்கள், டீக்கடைக் காகிதக் கப் போல ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும். பத்துச் சுற்று என்றால் மேசையில் இருக்கும் கம்பியில் பத்துக் கோன். முதலில் வருபவன் கோட்டைத் தாண்டும்போது மேலிருந்து ஒன்றை எடுத்துக் கீழே போட வேண்டும். ஒரு கோன் மிச்சமிருந்தால் வெள்ளைக்கொடி, கடைசிச் சுற்று. கம்பி காலியானால் கட்டம் போட்ட கொடி, போட்டி முடிந்தது. ஆயிரம் பேர் கத்தும்போது பேப்பரில் கோடு போட்டு எண்ணினால் விட்டுப்போகும், இது விட்டுப்போகாது என்றார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

தம்பி காளிராஜ் வண்டிப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். இருபத்தாறு வயது. ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பழைய இரும்புக் கடையில் கிடந்த வண்டியை இரண்டு வருடமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறான். ஆனால் வண்டி அவனுடையது இல்லை. பட்டறை முதலாளி வாங்கிப் போட்ட இரும்பு, பட்டறை மெஷின். எனவே முதலாளி வண்டி. அந்த முதலாளிதான் பந்தயம் நடத்தும் குழுவுக்குத் தலைவர். முந்தின நாள் தகுதிச் சுற்றில் மைக்கில் எல்லோர் முன்னாலும் அறிவித்திருக்கிறார்: இறுதிப் போட்டியில் ஜெயித்தால் வண்டி காளிராஜுக்கே. இல்லையென்றால் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவார்.

"ஜெயிச்சிருவியாப்பா?" என்றேன்.

"அந்தோணி அண்ணன் இருக்காவள்ல, அவியளத் தாண்டணும். கடைசி ரவுண்டு வரைக்கும் பின்னாலயே போவேன். அங்கன உள்பக்கம் கெடைக்கும்," என்று கிழக்கு வளைவைக் காட்டினான். அந்தோணி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இரண்டு வருடமாகக் கோப்பை அவரிடம்தான்.

7.30. முதலில் சின்ன வண்டிகளுக்கு ஐந்து சுற்று. எனக்கு அதுவரை இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொடி அசைந்து இரண்டாவது வளைவு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வண்டி வளைவில் திரும்பவில்லை, வழுக்குகிறது. முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது, வண்டி இடப்பக்கம் போகிறது. பின்சக்கரம் ஈர மண்ணை வாரி வீசுகிறது. எல்லா வளைவும் இடது வளைவு என்பதால் இடது காலில் மட்டும் செருப்புக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே போகிறார்கள். விழுந்துவிடுவான் என்று நாம் நினைக்கும் அந்தக் கணத்தை ஒவ்வொரு வளைவிலும் ஒருவன் தாண்டிப் போகிறான். ஒரு சுற்று நாற்பது விநாடி. நாற்பது விநாடிக்கொரு தடவை எல்லாம் புதிதாக ஆரம்பிக்கிறது. கரையில் ஒவ்வொருவரும் தன் கணக்குக்கு எண்ணுகிறார்கள். சீனிவாசன் உள்ளங்கையில் ஐந்து நிலக்கடலைப் பருப்பு வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக வாயில் போட்டார். என் வெள்ளைச் சட்டை சிவந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் அழுக்கானதே இல்லை.

8.00. இறுதிப் போட்டி. ஆறு வண்டி கோட்டுக்கு வந்தது. முருகேஸ்வரி கம்பியில் கோன்களை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணிச் சொருகினார். பத்து. கரையும் கூடவே எண்ணியது. அப்போது மைக்கில் தலைவர்: "சிறப்பு விருந்தினர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கொடியசைத்த பின் போட்டி தொடங்கும்."

எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. வந்துகொண்டே இருந்தார்கள். சிறப்பு விருந்தினர் யார், என்ன பதவி என்றெல்லாம் எழுதி அவருக்கு இன்னொரு விளம்பரம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அவருக்காகப் போட்டிருந்த மேடை கிழக்கு வளைவுக்கு நேர் மேலே, கரையிலேயே நல்ல இடத்தில். பொழுது விடியுமுன் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களைக் கிளப்பிவிட்டுச் சோபா போட்டிருந்தார்கள். சோபா காலியாக இருந்தது. இருநூறு பேர் பார்க்க வேண்டிய வளைவை மூன்று மணி நேரம் ஒரு காலிச் சோபா பார்த்துக்கொண்டிருந்தது.

9.30. வெயில் ஏறிவிட்டது. தடம் சிவப்பிலிருந்து வெளுப்புக்கு வந்தது. சீனிவாசன் இறங்கிப் போய் மறுபடி மண்ணைப் பிடித்தார். விரலிடுக்கில் மாவாக உதிர்ந்தது. "போச்சு. காலையில லாரி ஊத்துனதெல்லாம் வீணாப் போச்சு," என்றவர் அதற்குப் பின் சொன்ன சொற்களை அச்சிட முடியாது. ஓட்டுகிறவர்கள் வண்டி நிழலில் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. எனக்கு அதுவும் கோபமாக இருந்தது. எல்லோரும் எழுந்து போயிருந்தால் அந்த மனிதர் யாருக்குக் கையசைத்திருப்பார்?

பத்து மணிக்கு ஒரு காரியம் நடந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். முருகேஸ்வரி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். வெள்ளை வேட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே பொன்னாடைகள், நினைவுக் கேடயங்கள். வைக்க இடம் பார்த்தார்கள். கோன் மேசைமேல், நேராகக் கோன் அடுக்கின் தலையிலேயே இறக்கிவிட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்து சத்தம் போட்டதும் எடுத்தார்கள். கோன்கள் கம்பியில் நிமிர்ந்தேதான் நின்றன. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தோம்.

10.50. வந்தார்கள். ஏழு கார். அந்த ஏழு காரும் தடத்துக்குள்ளேயே ஒரு சுற்று வந்து மேடைக்குப் போயின. பந்தயத் தடத்தில்! சேர்த்து வைத்திருந்த மண்ணில் ஏழு கார்களின் சக்கரக் கோடு. அதன்பின் வரவேற்புரை, பொன்னாடைகள், தலைவர் உரை, சிறப்புரை. சிறப்புரையில் விருந்தினர் தன் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

11.45. கொடி அசைந்தது. காளிராஜ் மூன்றாவதாகக் கிளம்பினான். புழுதியில் வளைவுகள் தெரியவில்லை. உள்ளே போன வண்டி வெளியே வரும்வரை கரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது சுற்றில் அவன் இரண்டாவதாக வந்தான். முன்னால் அந்தோணி. அதற்குப் பின் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல ஓடினார்கள். ஒவ்வொரு கிழக்கு வளைவிலும் காளிராஜ் உள்பக்கம் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று இடத்தை அளந்துகொண்டிருந்தான் என்பது எனக்கே புரிந்தது. வெள்ளைக்கொடி வந்தது. சீனிவாசன் கையைப் பார்த்தார். பத்தில் இரண்டு பருப்பு மிச்சமிருந்தது. ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும்.

"இல்லையே," என்றார்.

அந்தச் சுற்றும் முடிந்தது. அரைச்சக்கர வித்தியாசத்தில் அந்தோணி கோட்டைத் தாண்டினார். கட்டம் போட்ட கொடி அசைந்தது. காளிராஜ் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டான். கரை முழுவதும் ஒரே குரலில், "இன்னும் ஒண்ணு இருக்குலே!"

முருகேஸ்வரி குனிந்து கீழே கிடந்த கோன்களைப் பொறுக்கினார். ஒன்பது. அதில் ஒன்று கனமாக இருந்தது. உள்ளே இன்னொன்று. இரண்டும் அமுங்கிப் போய், இழுத்தால் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். காகிதம் கிழிந்து வந்தது. அந்த முகத்தை நான் வர்ணிக்க மாட்டேன்.

11.53. அவர் மேடைக்கு ஓடினார், பின்னாலேயே நானும். அதற்குள் கோப்பை அந்தோணி கையில். போட்டோவும் முடிந்து, விருந்தினர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு ராஜபாளையத்தில் ஒரு காதுகுத்து. முருகேஸ்வரி மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் மன்னிக்கணும். நான் தப்பா எண்ணிட்டேன். ஒம்பதுதான் ஓடியிருக்கு..." மைக் செத்துவிட்டது. யார் அணைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். தலைவருக்குப் பக்கத்தில் நின்ற ஆள்.

அந்தோணி கோப்பையை மேசைமேல் வைத்தார். "எண்ணுன பிள்ளையே சொல்லுது. பொறவு என்ன? ஏலே காளி, வண்டியத் திருப்பு. ஒரு ரவுண்டு ஓட்டிருவோம். ரெண்டு பேரும் கோட்டுல இருந்து கிளம்புவோம்," என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். இந்த மனிதர் கோப்பையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கலாம். அன்றைக்கு அந்த மேடையில் நின்ற ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "பன்னெண்டு மணி வரைக்கும்தான் பெர்மிஷன். ஆம்புலன்ஸும் கிளம்பணும்."

"மணி பதினொண்ணு அம்பத்தஞ்சுதான் ஆகுது," என்றேன். "நாற்பது விநாடி போதும்."

"நீங்க யாரு?"

"பார்க்க வந்தவன்."

"பாத்துட்டீயள்ல? மேடையில வச்சு அவிய கையால குடுத்த கோப்பையத் திரும்ப வாங்குனா, அவிய மரியாத என்னாவுறது? அறிவிச்சது அறிவிச்சதுதான்."

மூன்றே முக்கால் மணி நேரம். ஆயிரம் பேர் வெயிலில். ஆம்புலன்ஸ் நின்றது, போலீஸ் நின்றது, ஈர மண் காய்ந்து புழுதியானது. எல்லாம் ஒருவருக்காகக் காத்திருக்க முடிந்தது. நாற்பது விநாடி இல்லையாம்! நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. சீனிவாசன் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கரையில் கல் பறக்கவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. "ஓட்டு! ஓட்டு!" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டு ஆனது. ஆம்புலன்ஸ் தடத்தைக் குறுக்கே தாண்டிப் போனது.

காளிராஜ் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நான் பக்கத்தில் போனேன். "உனக்குத் தெரியலையாப்பா, ஒன்பதுதான்னு?"

"தெரிஞ்சிச்சு சார். மனசுல ஒம்பதுதான் ஓடிச்சு. அந்த வளைவையும் அடுத்த ரவுண்டுக்குன்னு வச்சிருந்தேன். கொடி விழவும், அக்கா எண்ணுனா தப்பாவா இருக்கும், நான்தான் விட்டுட்டேன்னு நெனச்சு கைய எடுத்துட்டேன்."

12.40. பைக்கைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிப் போக ஒரு குட்டியானை லாரி வந்தது. தலைவர் முன்பே சொல்லி வைத்திருந்தார் போலும். "வாக்குன்னா வாக்கு. ஜெயிச்சா உனக்குன்னு சொன்னேன். ஜெயிக்கல," என்றார். தான் நியாயம் பேசுகிறோம் என்ற பெருமையும் அந்த முகத்தில் இருந்தது. வண்டியை ஏற்றியது காளிராஜ்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. கயிறு உரசிப் பெயின்ட் போகும் என்று டாங்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் தன் பனியனைக் கழற்றி வைத்துக் கட்டினான். குட்டியானை கிளம்பியது. அவன் வெறும் மேலோடு, இடது காலில் இரும்புத் தகடோடு, சேத்தூர் பஸ்ஸுக்கு நடந்தான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தான். "வெயிலு ஏறுது, சாப்பிடுக்கா," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

2.15. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம். சீனிவாசன் திரும்பி வருவதற்குக் காசு வாங்கவில்லை. முருகேஸ்வரியும் கூட வந்திருந்தார். மதுரை வண்டி கிளம்பச் செத்த நேரம் இருந்தது.

"என்னன்னு எழுதுவீய அண்ணாச்சி?"

அந்தப் பெட்டியைப் பற்றி எழுதுவேன் என்றேன். கோன் அடுக்கின் தலையில் பொன்னாடைப் பெட்டியை வைத்தவர்களை எழுதுவேன். காலிச் சோபாவை, ஏழு காரை, அணைந்த மைக்கை, தலைவரை, எல்லாவற்றையும் எழுதுவேன். உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றும் எழுதுவேன்.

"அது வேண்டாம்," என்றார். "பெட்டிய வேணும்னா எழுதுங்க. ஆனா அது எடுத்த பொறவு நான் திரும்ப எண்ணிப் பாத்திருக்கணும். பாக்கல. மில்லுல தெனமும் கோனத் தொடுதவளுக்கு அது தெரியாதா? எம்மேல தப்பில்லன்னு நீங்க எழுதுனா, தம்பி வாசிச்சுட்டு அதையே புடிச்சுக்கிடுவான். இம்புட்டு நேரமாச்சு, ஒரு வார்த்த கேக்கல அண்ணாச்சி. 'சாப்பிடுக்கா'ங்கான். அவன் என்னைய வையணும். நல்லா வையணும். அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

வண்டி கிளம்பிவிட்டது. கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, கல்லுப்பட்டி எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. நான் வெளியே பார்க்கவில்லை. எங்கள் மதுரையிலும் மேடைகள் உண்டு, காலிச் சோபாக்கள் உண்டு. அங்கெல்லாம் நான் பொறுமையாக உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கைதட்டல்களை நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியும் இது அடங்கவில்லை.

காளிராஜ், இது உனக்கு. உன் அக்கா தவறாகத்தான் எண்ணினாள். பெட்டியை எடுத்த பிறகு அவள் கோன்களைச் சரிபார்க்கவில்லை. உன் இரண்டு வருட வேலை அதில் போனது. போனை எடுத்து அவளை நன்றாகத் திட்டு. அவள் சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல். அந்த நாற்பது விநாடியைக் கேட்டு, அந்தத் தலைவர் வீட்டு வாசலுக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்தே போவோம்.